ஏலம் போன ரத்தம்

அறுப்பின் பண்டிகை அன்று, சபை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, சபையில் பாதிப் பேருடைய ரத்தத்தை நான் ஏலத்தில் விற்றேன். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம் என்று முறைப்படிதான் விற்றேன். அதில் என் ரத்தமும் இருந்தது. நல்ல விலைக்குப் போனது. தனியாக வைத்திருந்தால் என்னை யாரும் அந்த விலைக்கு எடுத்திருக்க மாட்டார்கள்.

எனக்குப் பனச்சமூட்டில் மைக் செட் வாடகைக் கடை. மைக் கொண்டுவருகிறவனே வாயையும் கொண்டுவந்தால் சபைக்கு மிச்சம் என்று எங்கள் ஐயர் கண்டுபிடித்தார். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வோம். அன்று முதல் பண்டிகை ஏலத்தை நான்தான் விளிக்கிறேன். தோட்டத்தில் விளைந்ததில் முதல் பங்கை, வாழைக்குலையோ மரச்சீனிக் கிழங்கோ சேவலோ, எல்லாரும் ஆலயத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவர்களே அதை ஏலம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். தான் கொடுத்த கோழியைத் தானே கூடுதல் விலைக்கு வாங்கிப் போகிறவரைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பக்தி. கோழிக்கு அது ஒரு சுற்றுலா.

இதில் 'சர்ப்ரைஸ் பாக்கெட்' என்று ஒரு வகை உண்டு. ஒட்டிக் கட்டிய பொதி. உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது, வாங்கினவர் வீட்டில் போய்த்தான் பிரிக்க வேண்டும். போன வருடம் ஒன்றில் செங்கல் இருந்தது. எடுத்தவர் வீடு கட்டிக்கொண்டிருந்ததால் சபை தப்பித்தது.

ரத்தம் எப்படி ஆலயத்துக்கு வந்தது என்றால், அதற்குக் காரணம் புழு.

இரண்டு வருடத்துக்கு முன், தொண்ணூற்று நான்கில், எங்கள் ஞாயிறு பள்ளி அறையில் கொக்கிப்புழு முகாம் நடந்தது. ரப்பர் தோட்டத்திலும் மரச்சீனி விளையிலும் செருப்பில்லாமல் நடக்கிற ஊர். புழு உள்ளங்கால் வழியாக ஏறி, ரயில் மாறுவதுபோல அங்கங்கே மாறி, கடைசியில் குடலில் போய் வாடகை தராமல் குடியிருக்கும். பரிசோதனைக்கு வர ஜனங்களுக்கு வெட்கம். வெட்கத்தைப் போக்க நான் மைக்கில், "பிரியமானவர்களே, எனக்கும் புழு உண்டு! தைரியமா வாங்க!" என்று அறிவித்தேன். நான்கு குழாய் ஒலிபெருக்கி. வெள்ளறடை வரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். ஜனங்கள் தைரியமாக வந்தார்கள், குளிகை விழுங்கினார்கள், சுகமாகிப் போனார்கள். என் பெயர் மட்டும் சுவாமிதாஸ் என்பதிலிருந்து 'புழு தாஸ்' ஆனது.

புழு போனது. தும்மல் வந்தது. தூசிக்குத் தும்மல், ரப்பர் புகைக்குத் தும்மல், பவுடர் பூசினவர் பக்கத்தில் வந்தால் தும்மல். லிஜியைப் பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய அம்மா ரத்னபாய் மாமி முகத்தில் பவுடரை அள்ளிப் பூசியிருந்தார். நான் மிக்சர் தட்டை வாங்கினேன். பிறகு தட்டில் மிக்சர் இல்லை. சுவரில் இருந்தது.

"புழு போயும் இவனுக்க ரத்தம் நேரே ஆகல்ல," என்று மாமி தீர்ப்புச் சொன்னார். "இவனுக்கு எனக்க மகளக் குடுத்தா, பிறக்கிய பிள்ளை தும்மிட்டேதான் பிறக்கும். ரத்தம் நேரே ஆச்சுன்னு டாக்டர் சொல்லட்டு. பின்ன கல்யாண ஒறப்பு பேசலாம்."

அதோடு என் கல்யாணம் நின்றது. லிஜி வெள்ளறடையில் தையல் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறவள். அவளிடமே கேட்டுவிடலாம் என்று பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். "லிஜி, உனக்கு இஷ்டம் உண்டா?" என்றேன். "பஸ் வருது," என்றாள். வந்தது பஸ் இல்லை, தேங்காய் லாரி. ஐயரிடம் போனேன். "ஜெபிப்போம்," என்றார். எங்கள் ஊரில் நேராகப் பதில் சொல்கிற பழக்கம் ரயில்வே கேட்டுக்கு மட்டும்தான் உண்டு. அடைத்திருக்கும், அல்லது திறந்திருக்கும்.

அப்போதுதான் டாக்டர் அமிர்தா வந்தார். திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி செய்கிறவர். பழைய புழுக்காரர்களின் ரத்தம் அவருக்கு வேண்டும். நம் ரத்தத்தில் கிருமியை அடிக்க ஒரு பட்டாளமும் புழுவை அடிக்க இன்னொரு பட்டாளமும் உண்டாம். சாதாரணமாக இரண்டும் தராசுத் தட்டுபோல நிற்கும். புழு வந்தால் ஒரு தட்டு கனத்து மற்றது மேலே போகும். புழு போனபிறகு தட்டு நேராகிறதா, சாய்ந்தே நிற்கிறதா? அதுதான் அவருடைய கேள்வி. ஏறக்குறைய அதுதான் மாமியுடைய கேள்வியும்.

சபையாருக்கு விளங்க நான் மைக்கில் மொழிபெயர்த்தேன். "ஒரு செக்போஸ்ட் உண்டுன்னு வையுங்க. அரிசி கடத்தல் பெருத்த காலத்தில அங்க ஆள கூட்டிப் போட்டாச்சு. இப்ப கடத்தல் இல்ல. ஆனா ஆளு போகல்ல. சும்மா இருந்து கை ஊறும்லா? பள்ளிக்கூடப் பிள்ளையளுக்க சோத்துப் பாத்திரத்த தொறந்து பாக்குது. அதாக்கும் எனக்க தும்மல்!"

"அப்படியா டாக்டரே?" என்று கேட்டேன்.

"முழுசா தப்புன்னு சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

"அப்ப சரியா?"

"சரின்னும் சொல்ல முடியாது."

இவர் எங்கள் ஊரிலேயே பிறந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் முதல் ஆளாகக் கையை நீட்டினேன். என் தட்டு நேராகிவிட்டது என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், லிஜி எனக்கு.

எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்பதால் பண்டிகை நாள் காலையிலேயே ரத்தம் எடுத்தார்கள். குழாய்களைத் தெர்மகோல் பெட்டியில் அடுக்கி, பழுப்பு டேப் ஒட்டி, டாக்டர் என் கையில் தந்தார். "சுவாமிதாஸ், ஜீப் வர்றது வரை பத்திரமா வைக்கணும். ரொம்பத் தணுப்பும் ஆகாது, சூடும் ஆகாது. அணுக்கள் உயிரோட லேபில் சேரணும். இன்னைக்கு விட்டா திரும்ப வர எனக்கு அனுமதி கிடைக்காது."

எங்கள் ஆலயத்தில் மிதமான குளிர்ச்சி உள்ள இடம் காணிக்கை மேசைக்கு அடியில் உள்ள கல்தரை. அங்கே, வாழைக்குலைகளுக்கும் பொதிகளுக்கும் நடுவில், நானே என் கையால் வைத்தேன். வைத்துவிட்டு என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஏலம் விளிக்கிறவன் பொருளைப் பார்க்கக் கூடாது, கூட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் தொழில் ரகசியம். பொருளைப் பார்த்தால் அதன் உண்மையான விலை ஞாபகத்துக்கு வந்துவிடும். அன்று நான் கூட்டத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் நீலப் புடவையில் லிஜி இருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விசாரித்ததில், என் தலைக்கு மேலே ஒரு பல்லி இருந்ததாம்.

குலைகள் போயின. சேவல்கள் போயின. கையைக் கீழே விட்டேன். டேப் ஒட்டிய பெட்டி ஒன்று தட்டுப்பட்டது. தூக்கினேன்.

"சர்ப்ரைஸ் பாக்கெட்! கனம் உண்டு! தணுப்பும் உண்டு! உள்ள என்னன்னு கர்த்தருக்கு மட்டும் தெரியும்!"

கர்த்தருக்கும் எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் லிஜியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

"தணுப்பு உண்டா?" என்று ரத்னபாய் மாமி எழுந்தார். கல்ஃபிலிருந்து வந்த யாரோ விலை கூடிய நெய்மீன் வைத்திருக்கிறார்கள் என்பது மாமியின் கணக்கு. பின்வரிசையில் கருணாகரன் அண்ணன் கையைத் தூக்கினார். பனச்சமூடு ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர், அம்பலத்துக்குப் போகிற இந்துக் குடும்பம், ஆனால் நாட்டுக்கோழிக்காக ஒரு பண்டிகை ஏலத்தையும் விட்டதில்லை. ஐஸ்கிரீம் என்பது அவருடைய கணக்கு. இருவரும் மாறி மாறிக் கேட்டார்கள். நான் மாமியின் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே விளித்தேன். வருங்கால மாமியாருக்குச் செய்கிற மரியாதை. மூணுதரம் சொன்னதும் மாமி பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார்.

சாப்பிட்டுவிட்டு டாக்டர் வந்தார். "சுவாமிதாஸ், பெட்டி எவிடெ?"

மேசைக்கு அடியில் குனிந்தேன். குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தேன். நிமிர்ந்தால் பேச வேண்டி வருமே.

"ஏலம் போச்சு டாக்டரே."

தமிழ் நகைச்சுவை ஏதோ என்று நினைத்து டாக்டர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து மெல்ல நிறுத்தினார். அவருடைய ஜீப் அமரவிளையில் டயர் பஞ்சராகிக் கிடப்பதாகச் செய்தி வந்திருந்தது. கருணாகரன் அண்ணனின் ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினோம்.

"எடா தாசே," என்றார் அண்ணன், பள்ளத்தில் இறக்கிக்கொண்டே, "அப்ப நான் ரத்தத்துக்கா விலை கேட்டது?"

"நான் தணுப்புன்னுதான் சொன்னேன் அண்ணே. ஐஸ்கிரீம்னு நான் சொன்னனா?"

"ஒரு கிலோவுக்க மேல இருக்கும்னு, ஏலம் முடியதுக்கு முன்னயே வீட்டுக்காரிகிட்ட ஆள் விட்டு சொல்லியாச்சு. பிள்ளையளு கரண்டிய கழுவி வச்சிட்டு இருக்கு."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

மாமியின் வீட்டு முன்னறையில் பெட்டி திறந்திருந்தது. மேசையில் வெள்ளை லேஸ் துணி. அதன்மேல் குழாய்கள் வரிசையாக. பக்கத்தில் பைபிள். மாமி தலையில் முக்காடு போட்டு நின்றார்.

"எலே, செருப்ப கழத்திட்டு வா. சத்தம் போடாத," என்றார் குரலைத் தாழ்த்தி. "தேவபக்தி உள்ள யாரோ திருவிருந்துக்கு உள்ள திராட்சரசத்த ஆளுக்கு ஒண்ணா குழலில அடச்சு குடுத்திருக்காவ. எல்லாரும் ஒரே கிண்ணத்தில வாய் வைக்கியது எனக்கு பண்டே அருவருப்பு. ஐயருகிட்ட எத்தன மட்டம் சொன்னேன்! கர்த்தர் கேட்டுட்டாரு."

"மாமி... ருசி பாத்தீங்களா?"

"ஐயரு ஜெபிக்காத ரசத்த நான் தொடுவனா? என்ன பேச்சுலே இது?"

அந்த நேரத்தில் நான் செய்த ஜெபம்தான் என் வாழ்நாளிலேயே மனப்பூர்வமானது. "மாமி, அது ரசம் இல்ல. ரத்தம்."

"விசுவாசத்தில எல்லாம் ரத்தந்தான். ஒனக்கு திடப்படுத்தல் வகுப்பில யாரு பாடம் எடுத்தது?"

"ஐயோ மாமி, இது நம்ம சபைக்காருக்க ரத்தம். காலைல குத்தி எடுத்தது. தோ, இதில ஏதோ ஒண்ணு ஞானையன் பாட்டாவுக்க ரத்தம்."

ஞானையன் பாட்டாவுக்கும் மாமிக்கும் வேலித் தகராறு. பேச்சுவார்த்தை நின்று ஒரு தலைமுறை ஆகிறது. மாமி குழாய்களைப் பார்த்தார். லேஸ் துணியைப் பார்த்தார்.

"அந்த ஆளுக்க ரத்தத்துக்கா நான் முக்காடு போட்டு நின்னது?"

முக்காடு இறங்கியது. மாமி கிணற்றடியில் போய்க் கையைத் தேய்த்துக் கழுவுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. டாக்டர் குழாய்களைத் தொட்டுப் பார்த்தார். மேசை ஜன்னல் ஓரம் காற்றோட்டத்தில் இருந்ததால் சூடாகவில்லை. "தப்பிச்சது," என்று அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தார். "எடுத்துட்டுப் போலாமா?"

"எடுக்கப்பிடாது," என்றார் திரும்பி வந்த மாமி.

"மாமி, ரத்தம்னு சொன்னம்லா?"

"அது என்னவாட்டும் இருக்கட்டு. ஏலத்தில எடுத்தது தேவனுக்க முதல். அதத் திருப்பிக் குடுத்தா குடும்பத்துக்கு ஆகாது. வேணும்னா நான் மறுபடி காணிக்கையாட்டு வைக்கியேன். நீ மறுபடி விளி. டாக்டரம்மை எடுத்துக்கிடட்டு. அதாக்கும் முறை."

முறை என்றால் முறைதான். வாங்கின பொருளைத் திரும்பப் படைத்து மறு ஏலம் விடுவது எங்கள் சபையில் உண்டு. ஒரு எலுமிச்சம்பழம் ஒரே பண்டிகையில் ஏழெட்டு வீட்டுக்குப் போய்வரும். ஆகவே மாமி வீட்டு முன்னறையில், மைக் இல்லாமல், மறு ஏலம் ஆரம்பமானது.

"எனக்கு வேணும்," என்றார் டாக்டர்.

"அப்படி சொல்லப்பிடாது டாக்டரே. தொகை சொல்லணும்."

டாக்டர் ஒரு தொகை சொன்னார். நான் "ஒருதரம்" என்றேன். யாரோ போட்டிக்கு வந்துவிட்டார்கள் என்று பயந்து தன் தொகைக்கு மேலே தானே ஒரு தொகை சொன்னார். வாசலில் நின்ற கருணாகரன் அண்ணன் அதற்கும் மேலே ஒன்று சொன்னார்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம்.

"மன்னிக்கணும்," என்று அண்ணன் வாயைப் பொத்தினார். "ஒருதரம்னு கேட்டா எனக்க நாக்கு தானே பொங்கும். பழக்கதோஷமாக்கும்."

அவருடைய வாயை அவரே இரண்டு கையாலும் பொத்தி நிற்க, டாக்டர் இன்னொரு தொகை சொன்னார். "ஒருதரம்... ரெண்டுதரம்..."

"நில்லு," என்றார் மாமி. "விட்டுக்குடுக்கதுக்கு முன்ன எனக்கு ஒண்ணு அறியணும். டாக்டரம்மா, இதில இவனுக்க ரத்தம் எது?"

"அது நம்பர் மட்டும்தான். ஆளுக்க பேரு எழுத மாட்டோம்."

"செரி. இவனுக்க ரத்தம் நேரே ஆச்சா, ஆகல்லியா?"

இதற்காகத்தான் கையை நீட்டினேன். இதற்காகத்தான் ஆட்டோவில் குலுங்கி வந்தேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, நூறு பேருக்கு பாத்து, பொதுவா எப்படின்னுதான் சொல்ல முடியும். ஒருத்தருக்கு மட்டும் சொல்ல முடியாது. புழு போனவங்கள்ல சிலருக்கு நேராகலாம். சிலருக்கு கொஞ்சநாள் சாஞ்சு நிக்கலாம். அதனால தும்மலாம். அதனால இல்லாமலும் தும்மலாம். அதுக்கும் கல்யாணத்துக்கும்..." என்று இழுத்து, "சொல்ல முடியாது," என்று முடித்தார்.

"பின்ன என்னத்துக்கு குத்தி எடுத்தது?" என்று மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டியாலே? டாக்டரே சொல்ல மாட்டேங்குது. நான் எந்த தைரியத்தில பெண்ணக் குடுக்கியது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுலபமாக வருகிற பொருள் அது ஒன்றுதான் என்னிடம் உண்டு, அதுவும் வரவில்லை. தொழில்முறையில் கை மட்டும் உயர்ந்தே இருந்தது. மூணுதரம் சொல்லிவிட்டால் பெட்டி போய்விடும். அதோடு என் காரியமும் போய்விடும்.

உள்ளே இருந்து லிஜி வந்தாள். கையில் டாக்டருக்குச் சாயா.

"அம்மா, அந்தப் பெட்டியில எனக்க குழலும் உண்டு."

மாமிக்கு விளங்கவில்லை. "ஒனக்க குழலா?"

"காலைல நானும் குடுத்தேன். பழைய புழுக்காரிதானே நானும்."

"ஒனக்கு எப்ப புழு வந்தது?"

"முகாம் நடந்தப்ப. ஒங்களுக்கு வந்த அன்னைக்குதான்." லிஜி சாயாவை டாக்டர் கையில் கொடுத்தாள். "ரப்பர் தோட்டத்தில நம்ம ரெண்டு பேரும் சேந்துதான செருப்பில்லாம நடந்தது? குளிகை நீங்களும் முழுங்கினீங்க."

"அது இருமலுக்காக்கும்!" என்றார் மாமி. ஆனால் குரலில் பழைய நான்கு குழாய் வேகம் இல்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கருணாகரன் அண்ணன் வாயைப் பொத்திய கைகளுக்குள்ளேயே சிரிக்கிறார் என்பது தோள் குலுங்குவதில் தெரிந்தது.

"மூணுதரம்," என்றேன் மெதுவாக.

டாக்டர் குழாய்களைப் பழையபடி அடுக்கி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். சாயாவைக் குடிக்காமல் போனதற்கு மாமியிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். மாமி லேஸ் துணியை எடுத்து, துவைப்பதா எரிப்பதா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் படியில் நின்றேன். பெட்டிக்குள்ளே எங்கள் இரண்டு பேருடைய ரத்தமும் ஒரே குலுக்கத்தில் குலுங்கிப் போகப்போகிறது என்று தோன்றியது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

"லிஜி, எனக்கு பயமாட்டு இருக்கு. தட்டு நேரே இல்லாமலே போயிட்டா? இந்த சீக்குக்காரன உனக்கு இஷ்டம் உண்டா, இல்லியா?"

லிஜி அம்மாவைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை நான் மேலே நிமிர்ந்து பார்த்தும் உறுதி செய்துகொண்டேன். பல்லி எதுவும் இல்லை.

"இஷ்டம் உண்டு," என்றாள். "ரத்தம் நேரே ஆனாலும், ஆகல்லெங்கிலும், நான் ஒங்களத்தான் கெட்டுவேன். அம்மைகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க மொதல்ல டாக்டருக்ககூட போயி அந்தப் பெட்டிய லேபில சேத்துட்டு வாங்க."